எரிகல் வீட்டு மொட்டை மாடி

மாடிக் கதவில் தொங்கிய பூட்டைக் கொத்தனார் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். பூட்டு ஆடியது. கதவு அசைந்து கொடுக்கவில்லை.

“போன தடவையும் இதே மாதிரி படியேறி வந்து பூட்டைப் பாத்துட்டுத்தான்க்கா போனேன். பூட்டுக்குத்தான் பூச்சு வேலைன்னா சொல்லிடுங்க, செஞ்சு குடுத்துட்டுப் போறேன்.”

தையற்காரிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. தோளில் கிடந்த அளவு நாடாவை இழுத்து விரலில் சுற்றினாள்; அவிழ்த்தாள்; மறுபடியும் சுற்றினாள்.

“சாவி அவர்கிட்ட இருக்கு தம்பி. பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“மாடிச் சாவியையா?”

“என் உசிரையும் சேத்துத்தான்.”

கொத்தனார் படிக்கட்டு ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். அங்கே மேகங்கள் வேலைக்கு வந்த ஆட்களைப்போல ஓரமாகக் கூடி நின்றன. “தேச்சுக் கழுவி, நல்லாக் காய விட்டு, அப்புறம்தான்க்கா பூச்சு. ஈரத்து மேல போட்டா வெயில்ல காஞ்ச தோல் மாதிரி உரிஞ்சு வந்துடும். மழை புடிச்சுக்கிச்சுன்னா என்னைத் தேடாதீங்க. நான் வந்தும் புண்ணியமில்ல.”

அவர் படியிறங்கிப் போனார். அவள் தையல் அறைக்குள் வந்து, வராமல் இருந்திருக்கலாமோ என்பதுபோல அண்ணாந்து பார்த்தாள்.

வெட்டுமேசைக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல். வரைபடத்தில் ஆறு ஓடுவதுபோல வளைந்து, கிளை பிரிந்து, ஒரு கிளை சுவரோரம் போய்க் கடலில் கலந்திருந்தது. போன மழையில் அந்த ஆற்றில் தண்ணீர் வந்தது. வந்த தண்ணீர் சும்மா வரவில்லை. கூரைக்குள் கிடந்த கம்பியின் துருவையும் கரைத்துக்கொண்டு வந்து, தைத்து மடித்து அடுக்கியிருந்த வெள்ளைக் கோட்டுகளின் மேல் சொட்டியது. டீக்கறை போகும், மைக்கறைகூட மனசு வைத்தால் போகும், துருக்கறை போகாது. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கான கோட்டுகள் அவை. கல்லூரிக் கிடங்குக்காரர் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து, கறைபட்டதைத் தனியாகத் தள்ளிவிட்டு, “இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

அந்த ‘இன்னொரு தடவை’தான் இப்போது மேசைமேல் பனிமலைபோல் குவிந்திருந்தது. மேலே ஆறு, கீழே பனி. நடுவில் அவள்.

இவ்வளவு பாடுபடுத்தும்படி மாடியில் என்ன புதையல் இருக்கிறது என்று கேட்டால், தூசி. வேறொன்றுமில்லை, வெறும் தூசி.

*

அவள் கணவருக்குத் தொழில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்வது. ஊரில் பாதி வாசல்கள் அவர் கை பட்டுத்தான் திறந்து மூடின. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டில்தான் ஒரு குறையா இரண்டு குறையா. ஆனாலும் நல்ல மனுஷன், குடி கிடையாது, வம்பு கிடையாது, வாயைத் திறந்தால் சத்தமே வராது என்றுதான் அவளும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சாயங்காலம் வரும்வரை.

யாரோ ஒருவர் வீட்டுப் பால்கனிக்குக் கம்பி பொருத்திக்கொண்டிருந்தவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வியர்வை துடைத்தார். இன்னும் முழுசாக இருட்டாத வானத்தில் ஒரு பச்சைத் தீ, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சத்தமே இல்லாமல் போனது. போகும் வழியிலேயே இரண்டாக உடைந்தது. “வெல்டிங் பொறியை விட வெள்ளை,” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அவருக்குத் தெரிந்த அளவுகோல் அதுதான். “பச்சைன்னீங்களே?” என்று கேட்டாள். “பச்சையா ஒரு வெள்ளை,” என்றார். சாப்பாடு ஆறிப்போனது. வாழ்நாளெல்லாம் கறுப்புக் கண்ணாடி வழியாகக் கைக்கெட்டும் தூரத்து நெருப்பையே பார்த்த மனிதர், அன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்து நெருப்பைப் பார்த்துவிட்டார். அதோடு தலை நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான். இன்றுவரை குனியவில்லை.

முதலில் கல் தேடினார். எரிந்து போனது எங்கேயாவது விழுந்திருக்க வேண்டுமே! ஊருக்குப் பின்னால் இருந்த காலி மனைகளில், ஒரு கம்பின் நுனியில் காந்தத்தைக் கட்டிக்கொண்டு விடுமுறை தோறும் நடந்தார். தெரு நாய் ஒன்று பின்னாலேயே போகும். காந்தத்தில் ஒட்டியதையெல்லாம் கோணியில் போட்டுக்கொண்டு வருவார். அவரிடம் வாசல் கதவு செய்துகொண்ட இயற்பியல் வாத்தியார் ஒருவர் இருந்தார். கதவு நன்றாக அமைந்துவிட்ட நன்றிக்கடனுக்காக அந்த மனிதர் ஒவ்வொரு கல்லையும் புரட்டிப் பார்த்து, “இது உலைக்கழிவு… இது லாரி பிரேக்… இது என்னன்னே தெரியல, ஆனா வானத்துது இல்ல,” என்று தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பான கற்களெல்லாம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தன. அவள் காலில் இடறாத கல்லே கிடையாது.

தெரு சும்மா இருக்குமா? ‘எரிகல்’ என்று பெயர் வைத்தது. அவருக்கு வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். “எரிகல் வீட்டுல ஒரு அம்மா தைப்பாங்களே, நீங்கதானே?” என்று துணியோடு வந்து நின்றாள் ஒருத்தி. இத்தனை வருஷம் ஊசி முனையில் சம்பாதித்த பெயர், ஒரு கல்லடியில் போயிற்று.

பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. கல் போய்த் தூசி வந்தது. கைபேசியில் ஏதோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, துள்ளிக்கொண்டு தையல் அறைக்குள் நுழைந்தார்.

“பெருசு எப்பவோ ஒண்ணுதான் விழுமாம். ஆனா பொடி தினமும் விழுதாம்! எல்லாக் கூரை மேலயும். கண்ணுக்கே தெரியாத உருண்டை. நம்ம மாடியிலயும் கிடக்கும். உன் தலையிலயும் விழுது, என் தலையிலயும் விழுது!”

“என் தலையில விழுந்ததுக்கு நீங்க ஒருத்தர் போதாதா?”

காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மறுநாளே மாடித் தூசியைக் கூட்டி அள்ளினார். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அழுக்கை வடித்து, காயவைத்து, சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக் உறைக்குள் காந்தத்தை வைத்து மேலாக ஓட்டினார். ஒட்டியதைக் கைபேசியில் மாட்டும் குட்டி லென்ஸின் கீழ் வைத்துப் பார்த்தார். சல்லடை அவளுடைய சமையலறையிலிருந்து போனது. காந்தம், குண்டூசி பொறுக்க அவள் வைத்திருந்தது; அவள் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து மாடி புண்ணியத் தலமானது. அங்கே பெருக்கக் கூடாது. துணி காயப்போடக் கூடாது. தொட்டி வைக்கக் கூடாது. காற்று வாங்க யாரும் போகக் கூடாது. கதவும் அவர் செய்ததே, பூட்டும் அவருடையதே. துணியெல்லாம் வீட்டுக்குள் கொடியில் தொங்கின. கூடத்தில் நடந்தால் ஈரச் சட்டைகள் தோளைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டன. நாலு வீடு தள்ளி ஒருவர் வாசலிலேயே வைத்துக் கதவுக்கு இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்தபோது, இவர் ஓடிப்போய்ச் சண்டை போட்டார். “கிரைண்டர் பொறி உருகிப் பறந்து உருண்டையா உறையும் சார்! பாக்க அப்படியே விண்துகள் மாதிரியே இருக்கும்! என் மாடி கெட்டுப்போயிடும்!” அந்த மனிதர் நிதானமாகக் கேட்டார்: “அப்ப நீங்க பட்டறையில புடிக்கறது என்ன, தண்ணிப் பைப்பா?”

“என் பட்டறை தூரத்துல இருக்கு. காத்தும் அந்தப் பக்கமா அடிக்கும். எல்லாம் கணக்குப் பாத்துதான் வச்சிருக்கேன்,” என்றார் எரிகல். வாயைத் திறந்தால் சத்தமே வராத மனுஷன்!

உருண்டைகள் கிடைக்கத்தான் செய்தன. கறுப்பாக, பளபளவென்று, மணல் பருக்கையை விடச் சின்னதாக. ஒரு வெள்ளை அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்தார். பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஏறுவார். வெளிச்சம் இருக்கும்வரை துழாவுவார். வெளிச்சம் போனபின் அங்கேயே படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். ஒருமுறை லென்ஸின் கீழ் ஒன்றை வைத்து, “பாரு, பாரு,” என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல ஒரு கறுப்புக் கிரகம், தன்னந்தனியாக, எதன்மேலும் கோபமில்லாமல் இருந்தது. அழகாக இருந்தது என்பதை அவள் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சமையலறையிலிருந்து வேறு ஏதாவது போயிருக்கும்.

*

அன்று மாலை கொத்தனார் சொன்னதை அப்படியே சொன்னாள். எரிகல் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வாத்தியார் வந்து அட்டையைப் பாக்கட்டும். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நாளே மாடி உனக்கு.”

“அவர் எப்ப வருவாரு?”

“வரேன்னாரு.”

“போன மாசமும் வரேன்னாரு. முதல்ல பரீட்சைன்னாரு. அப்புறம் மச்சினன் கல்யாணம்னாரு. அப்புறம் முழங்கால்னாரு. அவர் முழங்கால் சரியாகறதுக்குள்ள என் கூரை விழுந்துடும்.”

“கழுவிட்டா போச்சுடி. ஒரு வருஷமா விழுந்ததெல்லாம் ஒரு வாளித் தண்ணியில சாக்கடைக்குப் போயிடும். அவர் பாத்துட்டு, எந்த மூலையில எடுத்தீங்க, காட்டுங்கன்னு கேட்டா நான் என்னத்தைக் காட்டுவேன்?”

“சாக்கடையைக் காட்டுங்க.”

“உனக்கு விளையாட்டா இருக்கு.”

“எனக்கா? எனக்கா விளையாட்டு?” கூரையைக் காட்டினாள். “வானத்துலேர்ந்து விழற தூசி உங்களுக்குத் தெரியுது. வீட்டுக்குள்ள விழற தண்ணி தெரியலையா? அந்தக் கோட்டுல ஒரு சொட்டு விழுந்தா இந்த மெஷினை எடைக்குத்தான் போடணும்.”

கை கழுவப் போனவர் ஈரக் கையோடு வாத்தியாரைக் கூப்பிட்டார். கெஞ்சினார். நாளை மறுநாள் ஞாயிறு காலை நிச்சயமாக வருகிறேன் என்று வாத்தியார் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவள் கொத்தனாரைக் கூப்பிட்டு, ஞாயிறே வந்து தயாராக நிற்கச் சொன்னாள். எத்தனை பூட்டைப் பார்த்தாயிற்று, இன்னொன்று பார்த்தால் தேய்ந்தா போய்விடுவார்!

சனிக்கிழமை துணி துவைத்தாள். கணவரின் பட்டறைச் சட்டையின் கிழிந்த பையை முந்தின நாள்தான் தைத்திருந்தாள். தைத்த ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டது வாளியில் முக்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. “அறிவே, அறிவே,” என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டு, குண்டூசிக் காந்தத்தை எடுத்து வந்து வாளிக்குள் விட்டுத் துழாவினாள். ஊசி வந்தது. ஊசியோடு கூட, காந்தமே கம்பளிப்பூச்சியாக மாறியதுபோல், கறுப்பாக மயிர் மயிராக ஏதோ அப்பிக்கொண்டு வந்தது.

இரும்புத் தூள். வாளியடியில் எப்போதும் தங்குகிற கறுப்பு வண்டல்தான். எத்தனை வருஷமாகவோ சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். அன்றைக்கு ஏனோ கொட்டவில்லை. காந்தத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய், அவருடைய குட்டி லென்ஸைத் தன் கைபேசியில் மாட்டி, கறுப்பில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் தடவிப் பார்த்தாள்.

கிரகங்கள். பளபளவென்று, கறுப்பாக, உருண்டையாக, ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு. அட்டையில் ஒட்டியிருந்த அத்தனை பேரின் உடன்பிறப்புகள்.

முதலில் சிரித்துவிட்டாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணக்குப் பார்த்தவர், தெருவில் ஒருவன் விடாமல் சண்டை போட்டவர், பட்டறையை அப்படியே சட்டையிலும் தலையிலும் சுமந்துகொண்டு தினமும் நேராக மாடிக்கு ஏறிப் போய்க் குனிந்து நின்றிருக்கிறார். குனிந்தபோதெல்லாம் கொட்டியிருக்கிறது. கொட்டியதை அவரே பொறுக்கியிருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இவருக்காகவே சொல்லி வைத்தது.

அடுத்துக் கோபம் வந்தது. இதற்காகவா வீட்டுக்குள் ஈரத்துணி? இதற்காகவா அந்தக் கிடங்குக்காரரிடம் தலைகுனிந்து நின்றது?

கோபமும் ஆறியபோது, ஒரு சிக்கல் மிஞ்சி நின்றது. மறுநாள் வாத்தியார் வருவார். பார்த்ததும் சொல்லிவிடுவார், பிரேக் துண்டைச் சொன்னவருக்கு இது தெரியாமலா போகும்? கொத்தனார் பக்கத்தில் நிற்பார். தெருவே நிற்கும். சும்மா இருந்தாலே போதும், மாடி அவள் கைக்குத் தானாக வந்துவிடும். சும்மா இருப்பதை விடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா?

முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெயிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

*

எரிகல் அன்று சீக்கிரமே வந்தார். வழியில் முடி வெட்டிக்கொண்டு, வாத்தியாருக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். படியில் கால் வைத்தவரைக் கூப்பிட்டாள்.

“நில்லுங்க. பட்டறையிலேர்ந்து வந்ததும் நேரா எங்க போறீங்க?”

“மாடிக்கு. தெரியாத மாதிரி கேக்கற?”

“குளிச்சுட்டா?”

“குளிச்சா வெளிச்சம் போயிடுமே.”

“சட்டையையாவது மாத்துவீங்களா?”

“தூசியில உக்காரப் போறவனுக்கு எதுக்கு நல்ல சட்டை?”

அவள் ஒரு வெள்ளைத் துணித் துண்டை வெட்டுமேசையில் விரித்தாள். “சட்டையைக் கழட்டி இதுமேல உதறுங்க.”

“எதுக்கு?”

“உதறுங்கன்னா உதறுங்க.”

வேடிக்கை என்று நினைத்து உதறினார். வெள்ளைத் துணியில் கறுப்புப் புள்ளிகள் தெறித்தன. அவள் உறைபோட்ட காந்தத்தை ஓட்டி, ஒட்டியதைக் காகிதத்தில் தட்டி, லென்ஸ் மாட்டிய கைபேசியை அவர் கையில் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துணிமேல் தலையைக் குனிந்து, வெட்டி மிச்சமிருந்த முடிக்குள் விரலை விட்டுக் கலைத்தார். அங்கிருந்தும் கொட்டியது.

“கிரைண்டர் பொறி,” என்றார். “உருண்டையா உறையும். எனக்குத் தெரியும். அந்த நாலாவது வீட்டுக்காரருக்கு நானே பாடம் எடுத்தேன்.”

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்த நிறைய வைத்திருந்தாள். அவரோ சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, “காலைல கொத்தனார் ஆரம்பிக்கட்டும்,” என்றார். வாத்தியாரைக் கூப்பிட்டார்.

“சார், நாளைக்கு வர வேணாம் சார்… இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல… எல்லாம் என் சட்டை சார்… ஆமா சார், சட்டை… வச்சிடறேன் சார்.”

சாவி மேசையில் கிடந்தது. மாதக்கணக்காகக் கேட்ட சாவி. அதை எடுக்கவே அவளுக்குக் கை வரவில்லை. கொடுப்பதுதான் கொடுக்கிறார், கொஞ்சம் சண்டை போட்டுவிட்டுக் கொடுத்தால் என்ன இந்த மனிதருக்கு?

*

காலையில் கொத்தனார் ஏணி, துடைப்பம், தேய்க்கும் பிரஷ் சகிதம் வந்தார். கதவு திறந்திருப்பதைப் பார்த்து, “அக்கா, கதவு இருக்கு, பூட்டைக் காணோமே, களவு போயிடுச்சா?” என்றார். எரிகல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை, பட்டறையும் இல்லை, மாடியும் இல்லை. மேலே துடைப்பம் ஒருமுறை இழுக்கும் சத்தம் கேட்டால் அவர் தோள் ஒருமுறை சுருங்கும். அவள் மேலே போகும்போதும் கீழே வரும்போதும் அவரைத் தாண்டித் தாண்டிப் போனாள். கடைசியில் பொறுக்க முடியவில்லை.

“ஏங்க, இந்த மாடியில உங்க கால் படாத இடம்னு ஏதாவது இருக்கா இல்லையா?”

யோசித்தார். “படிக்கட்டுக் கூரை மேல. அங்க கைப்பிடிச் சுவர் கிடையாதே. ஏறக்கூடாதுன்னு நீதானே சத்தியம் வாங்கின.”

“வாங்கினேன்ல? அப்ப அங்க உங்க பட்டறை போயிருக்காது.”

அவர் முகம் மெல்லத் திரும்பியது. “போயிருக்காது,” என்றார். எழுந்தார். “ஏணி இருக்கு. நான் ஒரு அஞ்சு நிமிஷம்…”

“உக்காருங்க! தலையில பட்டறையை வச்சுக்கிட்டு அங்க வேற ஏறணுமா? அதுவும் கெட்டுது போங்க.”

“அப்ப யாரு ஏறுவா?”

அவர் கேட்ட பிறகுதான் அவளுக்கே புரிந்தது, எங்கே போய் மாட்டிக்கொண்டோம் என்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று.

அடுத்து உடுப்புப் பிரச்சினை. அவளுடைய துணிகளும் அவர் துணியோடு அதே வாளியில்தான் இத்தனை நாள் ஊறின. தண்ணீர் காணாத உடுப்பு என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்து, பனிமலையின் உச்சியிலிருந்து ஒரு கோட்டை எடுத்து மாட்டினாள். புதுத் தலையணை உறையொன்றைத் தலையில் கட்டினாள். கொத்தனாரிடமிருந்து பிரிக்காத பெயின்ட் பிரஷ் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

கொத்தனார் துடைப்பத்தைக் கீழே போட்டார். “அக்கா! எப்பக்கா டாக்டருக்குப் படிச்சீங்க?”

“ஏணியைப் புடி தம்பி. வாயைத் திறந்தே, உனக்கும் ஊசி போட்டுடுவேன்.”

ஏறினாள். இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டின் உச்சியை அன்றுதான் பார்த்தாள். ஒரு மேசை விரிப்பளவு இடம். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி, யாரும் மிதிக்காமல், தூங்கும் பூனையின் முதுகைப்போல் படிந்திருந்தது. ஒரு இறகு. யாரோ குழந்தை எப்போதோ தொலைத்த பந்து. சுற்றிலும் ஊர்க் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், கம்பிகள். அவற்றுக்கு மேலே, எட்டித் தொடலாம் போல மேகத்தின் அடிவயிறு. இவ்வளவு பெரிய வானமா என் வீட்டுக்கு மேலே இருந்தது என்று ஒரு நொடி நின்றாள்.

“நின்னுக்கிட்டே இருக்காத, தலை சுத்தும்!” என்று கீழேயிருந்து குரல் வந்தது. தன்னால் கெட்டுவிடக் கூடாதென்று எரிகல் மாடிக் கதவுக்கு அப்பால் நின்று கழுத்தை நீட்டினார். “ஓரத்துக்குப் போகாத! மெதுவாக் கூட்டு! எச்சத்தை விட்டுடாத, அதுலயும் இருக்கும்!”

“அதையும் அள்ளணுமா?”

“அள்ளணும்!”

“வாயை மூடுங்க! இல்ல, நான் அப்படியே குதிச்சுடுவேன்!”

“குதிச்சா தூசி கொட்டிடும்!”

அள்ளினாள். எச்சம், இறகு, பந்து எல்லாவற்றையும் இன்னொரு தலையணை உறைக்குள் திணித்துக் கட்டினாள். இறங்கி வந்து பார்த்தால், துருவுக்குப் பயந்து பொத்திப் பொத்தி வைத்த கோட்டில் முழங்கால் வரை பறவை எச்சம். அது துவைத்தால் போகும் என்று தெரிந்தும் கொத்தனாரை ஒரு முறை முறைத்தாள்.

“நான் என்னக்கா செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யல. அதான் சொல்றேன், வேலையைப் பாரு.”

மாடி தேய்த்துக் கழுவப்பட்டது. ஒரு வருஷத் தூசி கறுப்புத் தண்ணீராகக் குழாய் வழியே இறங்கிப் போனதை எரிகல் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வாசலில் போய் நின்றுகொண்டார். மேகம் நல்ல மேகமாக இருந்து, காயும்வரை காத்திருந்தது. பூச்சு விழுந்து, அதுவும் காய்ந்தது. அப்புறம் மழை வந்து கொட்டித் தீர்த்தது. முதல் மழை முழுக்க அவள் மெஷினை மிதிக்காமல் அண்ணாந்தே உட்கார்ந்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் வரவில்லை. கோட்டுகள் ஒரு புள்ளியில்லாமல் கல்லூரிக்குப் போயின. கிடங்குக்காரர் உதறிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுத் துணியைத் தள்ளினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். தலையணை உறை இருந்ததே!

அந்தத் தூசியை எரிகல் தொடக் கூடாது. இது அவரே போட்ட சட்டம். இத்தனை வருஷத்து இரும்பு தோலுக்குள்ளேயே ஏறியிருக்கும், எத்தனை தடவை குளித்தாலும் போகாது என்றார். ஆகவே ஊறவைப்பது, வடிப்பது, சலிப்பது, காந்தம் ஓட்டுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவர் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தையல் அறை நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்பார்.

“உருண்டையா ஏதாவது?”

“இல்ல.”

“நல்லாப் பாத்தியா?”

“இல்ல, கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தேன்.”

மணல். காரைத் துணுக்கு. பூச்சிக் கால். கண் எரிந்தது. தைக்க வேண்டிய துணி பக்கத்தில் முறைத்துக்கொண்டிருந்தது. இந்தச் சிட்டிகையோடு சரி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்று லென்ஸை நகர்த்தியபோது, அது இருந்தது.

பட்டறை உருண்டை போலில்லை. பளபளப்பே கிடையாது. மங்கிய கறுப்பு, மேலெல்லாம் ஒரே திசையில் நூல் சுற்றியதுபோல் நெருக்கமாகக் கோடுகள். பாபினில் சுற்றிய நூலை யாரோ உருண்டையாக்கி, சுட்டு, வெகு தூரத்திலிருந்து எறிந்ததுபோல் இருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள், விட்டால் பறந்துவிடும்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றது நிலைப்படி.

இல்லை என்றால் இன்றோடு தீர்ந்தது. தூசி போகும், உறை போகும், மேசை காலியாகும். வாளியில் கிடந்ததைத்தான் மறைக்காமல் காட்டியாயிற்று. இதைச் சொல்லாமல் விழுங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? இருக்கிறது என்றாலோ, கடவுளே, இந்த ஊரில் எத்தனை கூரை!

வெளியே அவர் கால் மாற்றி உட்கார்ந்த சத்தம் கேட்டது. வேறு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பாள், வசதியாகப் போயிருக்கும்.

“ஒண்ணு இருக்கு,” என்றாள்.

“பளபளன்னா?”

“இல்ல. மங்கலா. கோடு கோடா.”

எட்டிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். அறைக்குள் ஒரு கால் வைக்கவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“வாத்தியார் பாத்துச் சொல்ற வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு வச்சுக்குங்க,” என்றாள் அவசரமாக. “மறுபடி தெருவைக் கூட்டாதீங்க. கேக்குதா?”

தலையாட்டினார். அடுத்த நொடி செருப்புச் சத்தம் படியிறங்கி ஓடியது.

“எங்க போறீங்க? வாத்தியார் வீடா?”

“கொத்தனார் வீட்டுக்கு! எந்தெந்த வீட்டுல படிக்கட்டுக் கூரைக்கு யாருமே ஏறலைன்னு அவருக்குத்தான் தெரியும்!”

“நான் ஏற மாட்டேன்! இப்பவே சொல்லிட்டேன், நான் ஏற மாட்டேன்!”

“ஏணியை நான் புடிச்சுக்கறேன்!”

“புடிச்சுக் கிழிச்சீங்க! உங்க கை பட்டாலே கெட்டுடும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?”

வாசல் கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவையும் அவர்தான் செய்திருந்தார். சாத்தினால் கிரீச்சென்று ஒரு சத்தம்கூட வராது. அவள் கொஞ்ச நேரம் வாய்க்கு வந்ததையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். தட்டில் இன்னும் பார்க்காத தூசி மிச்சமிருந்தது. “சனியனே, நீயும் வந்து தொலை,” என்று அதை இழுத்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள்.